ஆடை படியாத தேத்தண்ணீர்

கலேவெலைக்கு அப்பால் உள்ள அந்தக் கிராமத்தில் நான் விரும்பிக் குடித்த தேத்தண்ணீர் ஒரே ஒரு வீட்டில்தான் கிடைத்தது. மற்ற வீடுகளில் கொடுத்ததை மரியாதைக்காகக் குடித்து வைத்தேன். அந்தப் பக்கத்துக் கிணறுகளில் சுண்ணாம்பு அதிகம். கிவுல் தண்ணீர் என்று சிங்களச் சொல்லால்தான் எல்லோரும் அதைச் சொல்வார்கள். அதில் தேயிலை போட்டால் நிறம் கறுத்துப் போகும், கொஞ்சம் ஆறினால் மேலே மெல்லிய ஆடை படியும். சவர்க்காரம் நுரைக்காது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். அந்த வீட்டில் மட்டும் கண்ணாடிக் கிளாஸில் வரும் தேத்தண்ணீர் அடிவரை தெளிவாக இருக்கும். மாத்தளையில் பஸ் ஏறி, வஹகோட்டை வழியாகக் குலுங்கிக் குலுங்கி வந்து, வெயிலில் நடந்து போகிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

நான் அங்கே போனது தண்ணீர் எடுக்க. அந்த ஊர்களில் விவசாயம் செய்கிறவர்களின் சிறுநீரகம் காரணம் தெரியாமல் பழுதாகிறது. சீனி வருத்தம் இருக்காது, பிரஷர் இருக்காது. நேற்று வரை வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மனிதர் இன்று கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போவார், இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்று சொல்லி அனுப்புவார்கள். குடிக்கும் தண்ணீர்தான் என்கிறவர்கள் உண்டு. பயிருக்கு அடிக்கும் மருந்து என்கிறவர்களும், வெயில் என்கிறவர்களும், எல்லாம் சேர்ந்துதான் என்கிறவர்களும் உண்டு. இன்னும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. எங்கள் பேராசிரியை, நோய் வந்த வீடுகளின் குடிதண்ணீரை மாதாமாதம் சோதித்துப் பார்ப்பது என்று ஓர் ஆய்வைத் தொடங்கினார். நான் அலுவிகாரையில் இருப்பவன், அந்தப் பாதைகள் தெரிந்தவன், சிங்களமும் தமிழும் பேசுவேன். அதனால் போத்தல் பையைத் தூக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

ஆராய்ச்சி செய்கிறவர்கள் பொறுமைசாலிகள் என்று ஒரு நினைப்பு ஊரில் இருக்கிறது. என் வீட்டில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். பஸ் கொஞ்சம் பிந்தினாலே கொண்டக்டரோடு சண்டைக்குப் போகிறவன் நான். ஒருமுறை ஊக்கம் குன்றாமல் ஆராய்ச்சி செய்வது எப்படி என்று எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். டை கட்டிய ஒருவர் வந்து, சின்னச் சின்ன வெற்றிகளைக் கொண்டாடுங்கள் என்று சொன்னார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த பணிஸைத் தின்றுகொண்டிருந்தேன். மாதாமாதம் அதே கிணறுகள், அதே கருவி, ஏறக்குறைய அதே எண்கள். சோதித்து முடிப்பதற்குள் வீடுகளில் ஒருவர் செத்துப் போகிறார். இதில் எதைப் பிடித்துக் கொண்டாடுவது என்று எழுந்து கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டிருந்தால் அதற்கும் திரையில் போட்டுக் காட்ட அவரிடம் ஒரு படம் இருந்திருக்கும்.

உண்மையில் என்னை விடாமல் இழுத்துக்கொண்டு போனது அந்தத் தெளிந்த தேத்தண்ணீர் வீட்டுக் கிணறுதான்.

அந்த வீட்டுக்காரர் முஸ்லிம். வயலும் பெரிய வெங்காயமும் செய்தவர். என்னை விடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் நானா என்று கூப்பிடுவேன். அவருடைய மனைவியை ராத்தா என்பேன், அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு பேருக்கும் நான் தம்பி. நானாவுக்கு நோய் கண்டுபிடித்த புதிதில்தான் நான் அங்கே போகத் தொடங்கினேன். அவருடைய அண்ணன் ஏற்கெனவே அதே நோயில் போயிருந்தார். சிகரெட் இல்லை, குடி இல்லை, ஐந்து வேளை தொழுகிற மனிதர். முதல் நாளே என்னிடம் கேட்டார்.

“என்னத்தால தம்பி இது? அதமட்டும் சொல்லுங்க. போறதுக்கு முந்தி தெரிஞ்சிட்டுப் போகணும்.”

தெரியாது என்றேன், பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு நான் போன ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைக் கேட்டார். சண்டை பிடிப்பது போல இல்லை, மழை வருமா என்று விசாரிப்பது போலத்தான் கேட்பார். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. அதற்குப் பதில் இல்லாததுதான் காரணம்.

தண்ணீர் எடுக்கும் முறையைச் சொல்ல வேண்டும். விடியற்காலை, தோட்டத்துக்கு மோட்டார் போடுவதற்கு முன், வீட்டில் குடிக்கும் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். நான் பஸ் பிடித்து வந்து சேரும்போது மோட்டார் ஓடி, கிணறு கலங்கி, எல்லாம் முடிந்திருக்கும். அதனால் வெறும் போத்தல்களை முந்திய தடவையே கொடுத்துவிட்டு வருவோம். வீட்டு ஆட்களே விடியலில் நிரப்பி வைப்பார்கள், நான் போய் வாங்கிக்கொள்வேன். பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். அதே தண்ணீரால் போத்தலை மூன்று முறை அலச வேண்டும், கழுத்து வரை நிரப்ப வேண்டும், மூடியின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. ராத்தா இதை ஒரு தடவை பார்த்தே பிடித்துக்கொண்டார். மற்ற வீடுகளில் போத்தலில் தேங்காய் எண்ணெய் வாசம்கூட வந்திருக்கிறது. ராத்தாவின் போத்தல் எப்போதும் துணியில் சுற்றி, நிழலில், குறை சொல்ல இடமில்லாமல் இருக்கும்.

அந்தப் போத்தல்தான் எங்களைத் திகைக்க வைத்தது. சுற்றியிருந்த வீடுகளின் தண்ணீரெல்லாம் கடினம், புளோரைட்டும் அதிகம். நோய் முற்றிய இந்த வீட்டின் தண்ணீர் மட்டும் மென்மையாக, சுத்தமாக வந்தது. ஒரு மாதம் இல்லை, எல்லா மாதமும். கருவி பிழையோ என்று திரும்பச் செய்தேன். அதே எண். பேராசிரியையின் முகம் அன்று மலர்ந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சுத்தமான கிணற்றில் குடித்த மனிதருக்கு நோய் வந்திருக்கிறது என்றால், தண்ணீரைக் குற்றம் சொல்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டுமல்லவா? நான் அந்தக் கிணற்றை வைத்துக் கோட்டை கட்டினேன். பாறைக்கு அடியில் தனியாக ஓர் ஊற்று ஓடி இந்தக் கிணற்றில் மட்டும் கலக்கிறது என்று கலர் பென்சிலால் படம் வரைந்தேன். தேத்தண்ணீரில் ஆடை படியாததையும் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டேன். என் கருவி சொன்னதை என் நாக்கும் சொன்னது. இரண்டும் ஒத்துப்போனால் வேறென்ன வேண்டும்?

மழையில் நனைந்து, பஸ் இல்லாத நாட்களில் லொறிக்குப் பின்னால் தொங்கி, பெட்ரோல் வரிசைக் காலத்தில் கடன் சைக்கிளில்கூடப் போனேன். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். அங்கிருந்து படம் அனுப்பி, இன்னும் கிணற்றுக்குள்ளேதான் இருக்கிறாயா என்று கிண்டல் செய்தார்கள். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் விட முடியவில்லை. அந்த ஒரு கிணற்றுக்குள் பதில் இருக்கிறது, நான் போய் எட்டிப் பார்த்தால் போதும் என்று நம்பினேன்.

ஒரு நாள் நானா வழக்கமான கேள்வியோடு இன்னொன்றும் கேட்டார். மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். அங்கே மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பது வழக்கம். அதே காணியில், அதே கிணற்றை வைத்து வீடு போடலாமா, இல்லை வேறு ஊரில் துண்டுக் காணி தேட வேண்டுமா என்று கேட்டார். நோய்க்குக் காரணம் இதுதான் என்று சொல்ல முடியாது, ஆனால் இதுவரை பார்த்ததில் உங்கள் வீட்டுத் தண்ணீர் இந்தச் சுற்று வட்டாரத்திலேயே நல்ல தண்ணீர் என்று சொன்னேன். எண்கள் அதைத்தான் சொல்லியிருந்தன. அவர் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். உள்ளே இருந்த ராத்தாவைக் கூப்பிட்டு, கேட்டியா, நம்ம தண்ணி நல்ல தண்ணியாம் என்றார். உள்ளிருந்து தேத்தண்ணீர் மட்டும் வந்தது.

வீடு எழும்பியது. மகளின் கலியாணமும் முடிந்தது. நானா இளைத்துக்கொண்டே போனார். இரத்தம் சுத்தம் செய்ய மாத்தளைக்கு வந்து போவார். பஸ் நிலையத்தில் சில சமயம் கையில் கட்டோடு நிற்பதைப் பார்ப்பேன். கோயில் தேருக்காகப் பாதையை மறித்திருந்த ஒரு நாள், பஸ் வராமல் இரண்டு பேரும் கடையோரமாக நெடுநேரம் நின்றோம். அவருக்கு உதடு வெடித்திருந்தது. தாகம் என்றார். தண்ணீர் குடிக்கவும் அவருக்கு அளவு வைத்திருந்தார்கள். சனத்தைப் பார்த்துக்கொண்டே, தெரிஞ்சுதா தம்பி என்று கேட்டார். கிட்ட வந்துவிட்டோம் நானா என்றேன். அதை நான் நம்பித்தான் சொன்னேன்.

அடுத்த மாதம் நான் போனபோது அவர் இல்லை.

அடக்கமாகிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, சொல்ல வேண்டிய உறவும் நான் இல்லை. ராத்தா இத்தாவில் இருந்தார். கணவன் மவுத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் மனைவி வீட்டோடு இருப்பார், அந்நிய ஆண்கள் முன் வரமாட்டார். மருமகன் என்னை முன்னறையில் உட்கார வைத்தார். உள்ளறை வாசலில் திரைச்சீலை தொங்கியது. நானா வழக்கமாக உட்காரும் பிளாஸ்டிக் கதிரை சுவரோரமாக இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். மகள் தேத்தண்ணீர் கொண்டு வந்தாள். வயிற்றில் பிள்ளை என்பது பார்த்ததும் தெரிந்தது.

கிளாஸைக் கையில் எடுத்தேன். கறுத்த தேத்தண்ணீர். மேலே ஆடை படிந்திருந்தது.

இந்த வீட்டிலா என்று நினைத்துக்கொண்டே அதைப் பார்த்தபடி இருந்தேன். திரைக்குப் பின்னால் இருந்து ராத்தாவின் குரல் வந்தது.

“தம்பி, அது எங்கட கிணத்துத் தண்ணி. வேணுமுண்டுதான் அதுல போடச் சொன்னேன்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்போ இவ்வளவு நாளும் என்று இழுத்தேன். இவ்வளவு நாளும் வந்தது பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீர் என்றார். அந்த ஊரில் கிவுல் தண்ணீரை வீட்டு ஆட்கள் குடிப்பார்கள், முடிந்த வீடுகளில் விருந்தாளிக்குக் கொடுக்க மாட்டார்கள். குளக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிவாசல் கிணறு நல்ல தண்ணீர். தூரம், கோடையில் வற்றியும் போகும், வீட்டுச் செலவுக்கு எடுத்துக் கட்டுப்படியாகாது. வருகிறவர்களுக்கென்று அதில் ஒரு குடம் எடுத்து மூடி வைப்பார்கள். பள்ளிவாசல் கிணறு யாருடைய வீட்டுக் கிணறும் இல்லை, அதனால் எங்கள் பட்டியலில் அது இருக்கவில்லை.

“போத்தலக் குடுத்துட்டுப் போனீங்க. பெரிய எடத்துக்குப் போற போத்தல், எங்கட வீட்டுப் பேர ஒட்டியிருந்தீங்க. அதுல போய் கிவுல் தண்ணிய எப்படி ஊத்துற? வெக்கமா இருந்திச்சி. வாறவங்களுக்கு வச்சிருந்த தண்ணியத்தான் ஊத்தினேன். ஒவ்வொரு மாசமும் அப்படித்தான்.”

மகள் வாசலில் நின்று நிலத்தைப் பார்த்தாள். ராத்தா மீண்டும் பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. தண்ணீர் நல்லது என்று நான் சொன்ன அன்றே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். ஆனால் நானா சிரித்த சிரிப்பைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. அதுவரை நானா டவுனிலிருந்து வடிகட்டிய தண்ணீரைக் கேனில் எடுப்பித்துக் குடித்துக்கொண்டிருந்தார். கிவுல் என்றாலும் சோதித்தவர்களே நல்லது என்று சொன்ன தண்ணீர் நம்ம கிணற்றிலேயே இருக்கும்போது இது எதற்கு என்று அன்றோடு அதை நிறுத்திவிட்டார். இதை நான் அறிந்திருக்கவில்லை. இப்போது மகளும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள், பிறக்கப் போகும் பிள்ளைக்கும் அதுதான், அதனால்தான் சொல்கிறேன் என்றார்.

“அவர் போனது இந்தத் தண்ணியாலயா, தம்பி?”

இல்லை ராத்தா, அவருக்கு அதற்கு முன்பே முற்றியிருந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் அன்று கொஞ்சம் தூங்கியிருப்பார். ஆனால் அதற்கு என்னிடம் என்ன ஆதாரம்? ஆம் என்பதற்கும் ஆதாரம் இல்லை. என்னிடம் இருந்ததெல்லாம் பள்ளிவாசல் கிணற்றின் எண்கள்.

“தெரியாது, ராத்தா” என்றேன்.

“அவருக்கும் இதத்தான் சொன்னீங்க.”

குத்திக் காட்டும் குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். மருமகனோடு போய், வாளியைக் கிணற்றில் விட்டு நானே அள்ளினேன். போத்தலை மூன்று முறை அலசினேன். ஒரு தடவை மூடி கீழே விழுந்து, வேறு போத்தல் எடுக்க வேண்டியிருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குக் கோபம்தான் வந்தது. மானத்தைக் காப்பாற்றவா ஒரு மனிதரைப் பலி கொடுத்தாய் என்று மனதுக்குள் அந்தப் பெண்ணைத் திட்டினேன். வஹகோட்டை தாண்டும்போது கோபம் வற்றிவிட்டது. அவர் என்ன செய்துவிட்டார்? வீட்டுக்கு வந்தவனுக்குத் தன்னிடம் இருந்ததில் நல்லதைக் கொடுத்தார். நான் அதை வாங்கிக் குடித்தேன், போத்தலிலும் வாங்கிப் போனேன். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

அந்தத் தண்ணீரின் சோதனை முடிவு வந்தது. பக்கத்துக் கிணறுகளைப் போலவே கடினம், அதே புளோரைட். தனி ஊற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. அதைக் குடித்து நோய் வந்தவர்களும் அங்கே உண்டு, வராதவர்களும் உண்டு. அப்படியென்றால் அது எதையும் நிரூபிக்கவில்லை. பேராசிரியை நீண்ட நேரம் அந்தத் தாளைப் பார்த்தார். ஒரு கிணறுதானே, அதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை எழுதி முடித்துவிடலாம் என்றார். ஆய்வுக்குக் கொடுத்த காலமும் முடிகிற நேரம் அது. நான் ஒன்றுதான் கேட்டேன்.

“மத்த வீட்லயும் விருந்தாளிக்குத் தனித் தண்ணி வச்சிருந்தா என்ன செய்வோம் மேடம்?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எனக்குப் பதில் தெரிந்துதான் இருந்தது. நான் திரும்ப வீடு வீடாகப் போய்க் கேட்டேன். சில வீடுகளில் சிரித்து மழுப்பினார்கள். சில வீடுகளில், பின்னே உங்களுக்கு அந்தத் தண்ணியையா தருவோம் என்று கேட்டார்கள்; எல்லாம் கிவுல் என்றாலும் அதில் கொஞ்சம் நல்ல கிணறாகத் தேடி அள்ளியிருந்தார்கள். ஒரு வீட்டில் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து அள்ளியிருந்தார்கள். எந்த மாதம் யார் எதை ஊற்றினார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. அத்தனை வருடப் போத்தல்களில் எது உண்மை, எது உபசாரம் என்று பிரிக்க இனி வழியே இல்லை. அத்தனையையும் தூக்கிப் போட்டோம். அந்தப் போத்தல்கள் நிரம்பிய காலத்தில் செத்தவர்களுக்கு அவர்கள் குடித்தது என்ன தண்ணீர் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நானா அவர்களில் ஒருவர்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். நல்லது, எப்பவோ விட்டிருக்கணும் என்றாள் மனைவி. யாரும் என்னைத் தடுக்கவில்லை. எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மாதத்தில் அந்த நாள் நெருங்கியதும் முந்திய நாள் பின்னேரமே போய் கலேவெலை டவுனில் ஒரு நண்பர் வீட்டில் தங்கி, விடியலில் அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேரும்படி கிளம்பினேன். இனிமேல் எத்தனை விடியல் ஆனாலும் எல்லாக் கிணற்றிலும் நானே அள்ளுவது என்று முடிவு. ஊக்கம் என்று அதைச் சொல்ல மாட்டேன். இறங்க வேண்டிய இடம் தெரிந்துவிட்ட பிறகு பஸ்ஸில் உட்கார்ந்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

இத்தா முடிந்திருந்தது. வெளிச்சம் வருகிற நேரத்தில் ராத்தா கிணற்றடியில் முக்காட்டோடு நின்றார். மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு புதுவீட்டுப் படியில் இருந்தாள். குழந்தைக்குப் பால் மா கரைத்த போத்தல் பக்கத்தில் இருந்தது. எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். கேன் தண்ணீர்தான் என்றாள். அது நல்லதா என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதையும் கொஞ்சம் ஒரு போத்தலில் வாங்கிக்கொண்டேன்.

ராத்தா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் வாளியை இறக்கி அள்ளினேன். அலசினேன், நிரப்பினேன், மூடினேன். அதற்குப் பிறகு முன்னறையில் தேத்தண்ணீர் வந்தது. ராத்தாவே கொண்டு வந்து வைத்துவிட்டு, நானாவின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். எனக்கு அவர் என்ன கேட்கப் போகிறார் என்று தெரியும்.

“தெரிஞ்சுதா, தம்பி?”

நானா கேட்ட அதே சொல், அதே தொனி.

“இல்ல, ராத்தா.”

அவர் தலையாட்டினார். அடுத்த மாதத்துக்கான வெறும் போத்தலை வைக்க மேசையின் ஓரத்தை முந்தானையால் துடைத்துக் கொடுத்தார். இனி வெறும் போத்தல் வைக்கத் தேவையில்லை, நானே வந்து அள்ளுவேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்குப் பதில் போத்தலை எடுத்து அவர் துடைத்த இடத்தில் வைத்தேன். பிறகு ஆடை படிந்த தேத்தண்ணீரை எடுத்து, ஊதி ஒதுக்காமல், அடிவரை குடித்தேன்.